றொனியின் இடது கால்

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் அந்த அழைப்பு வந்தது. பண்டாரவளையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கம். துண்டித்தேன். உடனே மறுபடியும் அடித்தது.

"நிமலன் சேருங்களா? நான் றொனியோட சம்சாரம், ஜெபமலர். பதுளை ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன்."

நான் வகுப்பைவிட்டு வெளியே வந்தேன்.

"அவரு கால எடுக்கணும்னு டொக்டர் சொல்றாங்க அண்ணே. இவரு கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு. நேத்துல இருந்து கெஞ்சுறோம். நீங்க சொன்னா கேப்பாருன்னு ஆளுங்க சொன்னாங்க. இன்னைக்கே வாங்கண்ணே."

"எந்தக் கால்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் ஒரு மனிதன் கேட்கக்கூடிய கேள்வியா அது என்று பிறகு பல தடவை வெட்கப்பட்டிருக்கிறேன்.

"இடது கால்," என்றாள்.

அதிபரிடம் சொல்லிவிட்டுப் பதுளை பஸ்ஸில் ஏறினேன். தெமோதரையைத் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது அந்தப் படத்தைப் போடுவார்கள்: 2003ஆம் ஆண்டு, மாகாண உதைபந்தாட்டக் கிண்ணம், பதினைந்து பையன்கள், நடுவில் கிண்ணத்தோடு நான், எனக்குப் பக்கத்தில் இரண்டு பேரின் தோளில் கைபோட்டபடி ஒற்றைக் காலில் நிற்கும் றொனி. உடனே எல்லோரும் எழுதுவார்கள். அவனைப் போல ஒருவன் இனிமேல் பிறக்க வேண்டும் என்று கனடாவிலிருந்து ஒருவன் எழுதுவான். நானும் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். றொனி அந்தக் குழுவில் இல்லை. அவனிடம் இருந்தது பட்டன் போன். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். போய்ப் பார்த்தவன் எவனும் இல்லை.

அவன் ஆடுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிந்தது. கீழ்ப்பக்கக் கோலுக்கு அப்பால் நேராகத் தேயிலைமலை. பந்து போனால் ஒருவன் இறங்கிப் போய்ச் செடிகளுக்குள் தேட வேண்டும். அந்தச் சரிவில் பந்தை நிறுத்தப் பழகியதால்தானோ என்னவோ, சமதரையில் அவனிடமிருந்து பந்தை எடுக்க யாராலும் முடியவில்லை. இடது ஓரத்தில் நிற்பான். பந்து அவனை நோக்கிக் கிளம்பியதுமே மேட்டில் குந்தியிருக்கும் ஆட்கள் எழுந்துவிடுவார்கள். மூலையிலிருந்து கோணர் உதை அடித்தால் பந்து வெளியே போவதுபோல் போய், கடைசி நேரத்தில் திரும்பிக் கோலுக்குள் விழும். தியத்தலாவையில் ஒரு கோல்கீப்பர், தன்னை ஏதோ ஏமாற்றிவிட்டதாக நடுவரிடம் போய் முறைப்பாடு செய்தான். தேயிலைக் கொழுந்து லொறிக்காரர்கள் பாதையோரம் வண்டியை நிறுத்திவிட்டு அவனைப் பார்ப்பார்கள். தோட்டத்துத் துரை ஒருநாள் அந்த லொறிகளுக்குப் பின்னால் ஜீப்பில் வந்து, ஏசுவதற்கு வாய் திறந்து, பிறகு தானும் நின்று பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் பார்வை நேரம் தொடங்கியிருந்தது. வார்ட்டு வாசலில் ஜெபமலர் நின்றாள். மெலிந்த, உயரமான பெண். சீலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு ஒரு பெண்பிள்ளை.

"மகள், அனுஷ்கா. ஏ.எல். வகுப்பு படிக்கிறா," என்றாள். அடுத்த மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவனுக்கு நீரிழிவு, சீனி வருத்தம். ஐந்து வருடமாக இருந்திருக்கிறது, மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் வெட்டிய தேயிலைக் கட்டை சப்பாத்தைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிட்டது. அந்தக் காலில் ஏற்கெனவே உணர்ச்சி குறைவு. சாயந்திரம் சப்பாத்தைக் கழற்றியபோது இரத்தத்தைப் பார்த்துத்தான் அவனுக்கே தெரிந்தது. பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனான். பாதம் கறுத்து வாடை வரத் தொடங்கிய பிறகும், ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டிவிடுவார்கள் என்று போகவில்லை. கடைசியில் பக்கத்து லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் நான்கு பேர் பலவந்தமாகத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

அந்த வார்ட்டு டொக்டர் ஒரு இளம் பெண். ஸைனப் என்று பெயர். தமிழில் பேசினார்.

"முதல்ல வந்திருந்தா ரெண்டு விரலோட முடிஞ்சிருக்கும். இப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். கிருமி இரத்தத்துல கலக்கத் தொடங்கிட்டு. இன்னைக்குச் செய்யலாம். நாளைக்கு என்ன நிலைமைன்னு எனக்குச் சொல்ல ஏலாது. நல்ல நினைவோட இருக்கிறவர் வேணாம்னு சொன்னா நாங்க தொட ஏலாது. நீங்க பேசிப் பாருங்க."

மூலைக் கட்டிலில் படுத்திருந்தான். முகம் ஒட்டிப்போய், தாடி வளர்ந்து, அவனுடைய அப்பா சிங்கராயரே படுத்திருப்பதுபோல் இருந்தது. காலுக்கு மேல் கூடுபோல ஒரு கம்பியை வைத்து அதன் மேல் துணி போட்டிருந்தார்கள். வாடை வந்தது. நான் மூச்சை அடக்கியதை அவன் கவனித்துவிட்டான்.

"கேப்டன் வந்துட்டாரு," என்றான். சிரிக்கவில்லை.

"எப்படிடா இருக்க?"

"பாத்தா தெரியலையா?"

நான் கட்டிலோரம் உட்கார்ந்து, வழி முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். இன்றைக்கும் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், உன்னைப் போல ஆடினவன் இந்த ஊவா மாகாணத்திலேயே இல்லை, எத்தனை பேரை ஏமாற்றி ஓடினவன் நீ, இதையும் தாண்டி வந்துவிடுவாய் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அந்த இடது கால நீங்க எல்லாரும் படத்துல வச்சிருக்கீங்க," என்றான். "எனக்கு இருக்கிறது இது ஒன்னுதான்."

"உசிரு வேணாமாடா? புள்ளைக்கு..."

"எங்க லயத்துல வீரசிங்கம் மாமான்னு ஒருத்தரு. அவருக்கும் இப்படித்தான் எடுத்தாங்க. நாலு வருசம் வாசல்ல குந்தியிருந்தாரு. காலையில பெரட்டுல பேர் குடுத்து வேலைக்குப் போறவனுகல்லாம் 'என்ன மாமா, நல்லாருக்கீங்களா'ன்னு கேட்டுட்டுப் போவானுக. பதில் சொல்றதுக்கு முன்னாடி போயிடுவானுக. நானும் அப்படித்தான் கேட்டுட்டுப் போனேன், நாலு வருசம். தோட்டத்துல என்னைய யாருன்னு நெனைக்கிற? குடிகாரன்னு சொல்லலாம், சோம்பேறின்னு சொல்லலாம். ஆனா ஒவ்வொரு மே தினத்துக்கும் மேச் வச்சா, மொத அடி அடிக்க என்னையத்தான் கூப்பிடுவானுக. வருசத்துல ஒரு நாள். அதையும் எடுத்துட்டா நான் யாருடா?"

பார்வை நேரம் முடியும் மணி அடித்தது. டொக்டரிடம் கெஞ்சி இன்னும் கால் மணி நேரம் வாங்கினேன். இரண்டாம் தடவை போய் உட்கார்ந்தபோது, இருபத்திரண்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லாத விஷயத்தை எடுத்தேன்.

2003இல் மாகாணக் கிண்ண அரையிறுதியில் அவனுடைய இடது கணுக்காலில் ஒருவன் மிதித்துவிட்டான். மறுநாள் இறுதிப்போட்டி. பதுளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தோம். காலையில் பார்த்தால் கணுக்கால் பன்போல வீங்கியிருந்தது. விளையாட்டு ஆசிரியர், இவன் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான்தான் தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். அவன் காலை வாளிக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தான்.

"பாதி நேரம் மட்டும் ஆடு மச்சான். நீ சும்மா ஓரத்துல நின்னாலே போதும். ரெண்டு பேரு உன் பின்னாடியே நிப்பானுக."

"ரொம்ப வலிக்குதுடா."

"இனி நம்ம ஸ்கூலுக்கு இப்படி ஒரு நாள் எப்ப வரும் சொல்லு?"

அவன் வாளியைப் பார்த்தான். "நீ சொல்றியா?" என்று கேட்டான்.

"நான் சொல்றேன்."

அவனே ஆசிரியரிடம் போய், வலி இல்லை என்று பொய் சொன்னான். முழு நேரமும் ஆடினான். இரண்டு கோல், இரண்டும் அந்தக் காலால். கடைசிப் பத்து நிமிடத்தில் அதே கணுக்காலில் மறுபடியும் மிதி விழுந்தது. வென்றோம். அன்று கொழும்புக் கிளப் ஒன்றின் ஆள் வந்திருந்தார். மூன்று மாதத்தில் வரச் சொன்னார். றொனி போனான். மைதானத்தை இரண்டு சுற்று ஓடச் சொல்லியிருக்கிறார்கள். முதல் சுற்றை அவனால் முடிக்க முடியவில்லை. அடுத்த வருடம் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தான். மாகாணக் கிண்ணத்தை வென்ற அணியின் தலைவன் என்ற சான்றிதழ் என்னுடைய கோப்பில் சேர்ந்தது. ஆசிரியர் கல்லூரி நேர்முகத்தில் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு நான் கேட்டிருக்கக் கூடாது," என்றேன். "என்னாலதான் உன் கால் போச்சு. என்ன மன்னிச்சுக்க றொனி. ஆனா இத மட்டும் கேளு. கையெழுத்துப் போடு."

அவன் என்னைப் பார்த்தான். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"அன்னைக்கும் வந்து என் காலத்தான் கேட்ட," என்றான். "இன்னைக்கும் அதையேதான் கேக்குற. அன்னைக்குக் குடுத்தேன். இன்னைக்கு மாட்டேன். போ."

நான் போய்விட்டேன். பதுளையில் என் மனைவியின் உறவினர் வீட்டில் தங்கினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வார்ட்டுக்குப் போனபோது எல்லாம் மாறியிருந்தது. றொனிக்கு நினைவு தப்பியிருந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "கதவத் திற, மழ வருது," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் யாரென்று தெரியவில்லை. ஜெபமலரைப் பார்த்து, "யாரு இந்த அம்மா?" என்று கேட்டான். கறுப்பு முழங்காலைத் தொட்டுவிட்டது.

டொக்டர் ஸைனப் எங்களை வெளியே கூப்பிட்டார். முகத்தில் களைப்பு.

"இப்ப அவருக்குத் தீர்மானிக்கிற நினைவில்ல. அதனால நாங்க குடும்பத்தைக் கேக்கணும். நினைவோட இருக்கக்குள்ள வேணாம்னு சொன்னவர். அதை நான் மறைக்க மாட்டேன், எனக்கும் லேசில்ல. ஆனா செய்யாட்டி இன்னைக்குப் பொழுது தாண்டுறது கஷ்டம். செஞ்சாலும் பொழைப்பார்னு சத்தியம் பண்ண ஏலாது. அம்மா, நீங்கதான் சொல்லணும்."

படிவத்தையும் பேனையையும் கொடுத்தார். ஜெபமலர் கையை நீட்டவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு மெல்லக் கீழே குந்தினாள்.

"நான் போட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் அண்ணே," என்றாள். "நேத்து நீங்க போனதும் கூப்பிட்டாரு. என் கையப் புடிச்சு இவ தலையில வச்சு அழுத்தினாரு. நான் மயங்கிக் கெடந்தாலும் நீ போடக் கூடாதுன்னாரு. எனக்கு மொதல்ல ஒன்னு செத்துப் பொறந்துச்சு. இவ ஒருத்திதான் இருக்கா. நான் எப்படிப் போடுவேன்? போடாம எப்படி அந்தாள சாகக் குடுப்பேன்?"

தாதி ஒருத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து, "கதவத் திற," என்ற சத்தம்.

"நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்கண்ணே. போடவா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லுங்க, நான் செய்றேன்."

போடு என்று சொல்வதற்காகத்தான் பண்டாரவளையிலிருந்து வந்திருந்தேன். ஆனால் என்னுடைய ஒரு வார்த்தையால் அவனுக்கு என்ன ஆனது என்று நேற்றுத்தான் அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன். அவன் பிழைக்காமல் போனால்? பிழைத்து, வாசலில் குந்தியிருந்து, தினம் தினம் எங்களைச் சபித்தால்? நான் தரையைப் பார்த்தேன். ஜெபமலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காது.

அனுஷ்காதான் பேசினாள். அதுவரை அந்தப் பிள்ளை வாய் திறந்து நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் முழந்தாளிட்டாள்.

"சத்தியம் யாரு தலையில அம்மா?"

ஜெபமலர் அழுதாள்.

"என் தலதானே? அப்பா என்னையக் கேக்கல, நீங்களும் கேக்கல. என் தலைய வச்சு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்க. எனக்கு ஒன்னும் ஆகாது. ஆனா ஆகட்டும், பரவால்ல. எனக்குப் பதினெட்டு ஆகியிருந்தா நானே போட்டிருப்பேன். போடுங்கம்மா."

"அடி, அப்படிப் பேசாத..."

"போடுங்க! அப்பா செத்துட்டா நான் இந்தத் தலைய வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

நடைபாதையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. ஜெபமலருக்குப் பக்கத்தில் குந்தி, பேனையை எடுத்து அவள் விரல்களுக்குள் வைத்தேன்.

"போடு தங்கச்சி. அவன் எழும்பிக் கேட்டா, நிமலன்தான் போடச் சொன்னான்னு சொல்லு."

முழங்காலில் படிவத்தை வைத்துக்கொண்டு தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். 'ம'வை எழுதும்போது பேனை கடதாசியைக் கிழித்தது. டொக்டர் அதை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார்.

இரண்டரை மணி நேரம். ஜெபமலர் மகளின் தலையைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உச்சியில் கை வைத்தபடியே இருந்தாள், மேலேயிருந்து ஏதோ விழுந்துவிடும் என்பதுபோல. வாய் விடாமல் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தரை மணிக்கு டொக்டர் வெளியே வந்தார். முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார். உயிர் இருக்கிறது. மூன்று நாள் தாண்ட வேண்டும்.

தாண்டினான். நான்காம் நாள் சனிக்கிழமை. நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் இருந்தபோது கண்ணைத் திறந்தான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு யாரும் தடுக்குமுன் தானே போர்வையைத் தூக்கிப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. போர்வையைப் பழையபடி இழுத்து விட்டான்.

"யாரு போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன்," என்றேன்.

"போட்டது யாருன்னு கேட்டேன்."

"நான்," என்றாள் ஜெபமலர்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய தோட்டத்துக்குப் போனேன். இடையில் அனுஷ்கா போன் பேசுவாள். புண் ஆறுகிறது, ஊசி தவறாமல் போடுகிறோம், அப்பா சாப்பிடுகிறார். மற்றதைச் சொல்லமாட்டாள். மற்றதை ஜெபமலர் சொன்னாள், பாதையிலேயே என்னை நிறுத்தி.

"அன்னைக்கு மூஞ்சியத் திருப்பினவருதான் அண்ணே. இன்னும் எம்பக்கம் திருப்பல. சோறு வச்சா சாப்பிடுறாரு. புண்ணக் கழுவுறேன், துணி மாத்துறேன், தூக்கி உக்கார வைக்கிறேன், எல்லாத்துக்கும் கட்ட மாதிரி இருக்காரு. ஒரு வார்த்த இல்ல. மகள்கிட்டதான் பேசுவாரு. அவ ஸ்கூலுக்குப் போயிட்டா வீடு முழுக்க ஊமை. சில நேரம் தோணும், அன்னைக்குப் போடாம இருந்திருந்தா நல்ல பேரோட விதவையாவது ஆகியிருப்பேனேன்னு." சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அனுஷ்கா ஞாயிறு பூசைக்குப் போயிருந்தாள். றொனி முன்னறைக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உடுத்தியிருந்த சாரத்தின் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. இரண்டு ஊன்றுகோல்களும் மூலையில், கட்டியிருந்த நூல்கூடப் பிரிக்கப்படாமல்.

ஜெபமலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் உடுப்புத் துவைக்கத் தொடங்கினாள்.

"உசிரோட இருக்கேன்," என்றான் றொனி. "அதுக்கு உனக்கு நன்றி சொல்லணுமா?"

"வேணாம்."

"அப்ப எதுக்கு வந்த?"

"பாக்க வந்தேன்."

"இருபத்திரண்டு வருசமா எங்க இருந்த?"

தேத்தண்ணியைக் குடித்தேன்.

"என்னைய ஏசு," என்றேன். "எவ்வளவு வேணும்னாலும் ஏசு. அவளோட பேசு. அவ என்னடா பண்ணுவா?"

"நீ எனக்குச் சொல்லித்தர வேணாம்."

சொல்லிவிட்டு ஆத்திரத்தில் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலைப் பக்கம் எட்டி, நூலோடு சேர்த்து இரண்டு ஊன்றுகோல்களையும் இழுத்தான். என்னைவிட்டு வெளியே போக வேண்டும் என்று நினைத்தானா, இல்லை, தன்னால் எழும்ப முடியும் என்று காட்ட நினைத்தானா, தெரியவில்லை. எழுந்தான். ஒரு கணம் நின்றான். பழக்கத்தில் இடது காலை ஊன்றப் போனான். அங்கே கால் இல்லை. ஊன்றுகோல்கள் சறுக்க, கதவு நிலையில் தோள் மோதி, பாதி உள்ளே பாதி வெளியே விழுந்தான்.

நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். "தொடாத!" என்று என் கையைத் தட்டிவிட்டான். வெட்டிய இடம் தரையில் இடித்துவிட்டது. முகமெல்லாம் வியர்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மறுபடியும் பிடிக்கப் போனேன். மறுபடியும் தட்டிவிட்டான். பிறகு கழுத்தைப் பின்பக்கம் திருப்பி, லயம் முழுவதும் கேட்கும்படி கத்தினான்.

"ஜெபா! ஏய், ஜெபா!"

துவைக்கிற சத்தம் நின்றது. சவர்க்கார நுரையோடு ஓடி வந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்து வாசல்களில் தலைகள் நீண்டன.

"ஏழு கிழமையா கூப்பிடத் தெரியல," என்றாள். "இப்ப மட்டும் வாய் வருதோ?"

"மொதல்ல தூக்குடி," என்றான் றொனி. "வலி உசிரு போகுது."

அவள் குனிந்து அவனுடைய அக்குளுக்குள் தோளைக் கொடுத்தாள். அவன் அவள் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டான். எங்கே பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று இத்தனை நாளில் அவளுக்குப் பழகியிருந்தது. ஒரே மூச்சில் தூக்கிக் கட்டிலில் சேர்த்தாள். துணியை விலக்கிப் பார்த்தாள். புண் பிரியவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு, அவளுடைய ஈரமான முன்கையை விடாமல் பிடித்திருந்தான். அவளும் இழுக்கவில்லை.

நான் வெளியே வந்து வாசலில் நின்றேன். அன்று அவன் என்னோடு வேறெதுவும் பேசவில்லை. போய்வருகிறேன் என்றபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபமலர்தான் பாதைவரை வந்தாள். அடுத்த மாதமும் வாங்க அண்ணே என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு லுணுகலைக்கு இறங்கினேன்.